டியூட்டி சார்ட்டில் அம்மாக்கள்

1,400 கிராம் எடையுள்ள ஒரு குழந்தைக்குப் பாலாடையில் 18 மில்லி பால் புகட்ட இருபது நிமிடம் ஆகும். சில குழந்தைகள் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிடும், சில அரைமணி நேரம் எடுத்துக்கொள்ளும். மடியில் சற்று நிமிர்த்தி வைத்து, ஒரு கையால் பிடரியைத் தாங்கி, பாலாடையின் மூக்கை உதட்டோரத்தில் வைத்துச் சாய்த்தால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு நாக்கு நுனி வெளியே வரும். ஒரு சொட்டு. விழுங்கும். மூச்சு வாங்கும். கொஞ்சம் யோசிக்கும். அடுத்த சொட்டு. அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறி முகம் நீலம் பாரித்துவிடும். பாதியில் தூங்கிவிட்டால் உள்ளங்காலைச் சுண்டி எழுப்ப வேண்டும். முடிந்ததும் தோளில் சாய்த்துத் தட்டி, ஏப்பம் வந்த பிறகு படுக்க வைத்து, குடித்த அளவைச் சீட்டில் எழுத வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளைக்கு 12 தடவை.

ஒரு நர்ஸிடம் எட்டுக் குழந்தைகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எட்டு இருபது 160 நிமிடம். இரண்டு மணி நேரத்தில் இருப்பது 120 நிமிடம். இதற்கிடையில்தான் ஊசி மருந்து, குளூக்கோஸ், மூச்சுக்கு உதவுகிற சிபாப் கருவியின் குழாயில் தேங்கிய தண்ணீரை வடிப்பது, டயப்பர், எடை, ரத்தப் பரிசோதனைக்கு எடுத்து அனுப்புவது, 108-ல் வந்து இறங்குகிற புதுக் குழந்தை எல்லாம். எந்த ஷிஃப்டிலும் இந்தக் கணக்கு நேராகாது. கொரோனாவுக்கு முந்தைய இரண்டு வருடம் எங்கள் பிரிவில் அதை நேராக்கிக் கொடுத்தவர்கள் குழந்தைகளின் அம்மாக்கள். அவர்களைத்தான் 2020 மார்ச்சில் வெளியே நிறுத்தினோம்.

நான் வேலை பார்த்தது தென்மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பச்சிளம் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவில். எஸ்.என்.சி.யூ. என்றுதான் சொல்வோம். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பிறந்த குழந்தைகளுக்கு ஒரு ஹால், அது இன்பார்ன். ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்தும் தனியார் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிறவர்களுக்கு இன்னொரு ஹால், அது அவுட்பார்ன். குறைமாதம், எடைக்குறைவு, பிறந்ததும் அழாதது, மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, கிருமித் தொற்று என்று எப்போதும் நிரம்பி வழியும். சூடு கொடுக்கிற ஒரே வார்மரில் இரண்டு குழந்தைகளைப் படுக்க வைத்த நாட்கள் உண்டு.

அம்மாக்களை உள்ளே விட ஆரம்பித்தது 2018 வாக்கில். பச்சிளம் குழந்தைகளின் சிகிச்சையில் குடும்பத்துக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்று மத்திய அரசு அதற்கு முந்தைய வருடம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. டெல்லி ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியில் செய்து பார்த்ததை நாடு முழுக்கக் கொண்டுபோகிற திட்டம் அது. அதுவரைக்கும் எங்கள் வழக்கம் வேறு. அம்மா பாலை எடுத்து சன்னல் வழியாகக் கொடுப்பாள், நாங்கள் வாங்கிக்கொள்வோம். "பாப்பா எப்படி இருக்கு சிஸ்டர்?" என்றால் "டாக்டர் சொல்வார்" என்போம். இனிமேல் அவர்கள் உள்ளே வந்து பக்கத்தில் உட்காருவார்கள் என்றதும் நாங்கள் கூடிப் புலம்பினோம். இருக்கிற கூட்டத்தில் இவர்களையும் சேர்த்து மேய்க்க வேண்டுமா? இன்ஃபெக்‌ஷன் வந்தால் யார் பதில் சொல்வது? குழந்தைக்கு ஊசி ஏற்றும்போது பக்கத்தில் நின்று அழுதால் கை ஓடுமா?

எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "மக்ளே, ஒனக்கு எத்தன கை இருக்கு?"

உள்ளே வருகிற அம்மாக்கள் வளையல், மோதிரம் கழற்ற வேண்டும். தாலிக்கயிற்றை உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். முழங்கை வரை ஆறு படியாகக் கை கழுவி, பச்சை கவுன் மாட்டி, வார்மர் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வேண்டும். முதல் நாள் குழந்தையைத் தொடவே பயப்படுவார்கள். மூன்றாம் நாள் டயப்பர் மாற்றுவார்கள். ஒரு வாரத்தில் பாலாடை கை வந்துவிடும். கங்காரு நாற்காலியில் சாய்ந்து, குழந்தையை நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு, பக்கத்து நாற்காலிக்காரியிடம் மாமியார் கதை பேசுகிற அளவுக்குத் தேறிவிடுவார்கள். எங்களுக்கு உண்மையிலேயே உறைத்தது வேறொரு விஷயம். "சிஸ்டர், இவன் காலையிலேருந்து ஒரு மாதிரியா இருக்கான்" என்பாள் ஒருத்தி. காய்ச்சல் இருக்காது, ஆக்சிஜன் அளவு சரியாக இருக்கும், மானிட்டரில் ஒரு குறையும் தெரியாது. சாயங்காலம் பார்த்தால் ரத்தத்தில் கிருமித் தொற்று ஏறியிருக்கும். கேஸ் ஷீட்டில் 'ஒரு மாதிரி' என்று எழுத இடம் கிடையாது. ஆனாலும் கொஞ்ச நாளில், அம்மா அப்படிச் சொல்கிறாள் என்றாலே எங்கள் டியூட்டி டாக்டர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வர ஆரம்பித்தார். எட்டுக் குழந்தைகளைப் பார்க்கிற எனக்குத் தெரியாதது, ஒரே குழந்தையை எட்டு மணி நேரம் பார்க்கிறவளுக்குத் தெரிந்தது.

இந்த முறை எங்கிருந்து வந்தது என்று பயிற்சி வகுப்பில் சொன்ன கதை அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் எட்கர் ரெய் சனப்ரியா என்கிற டாக்டர், இன்குபேட்டர் போதாமல், ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்துத் தொற்று பரவுவதைப் பார்த்துவிட்டு, குறைமாதக் குழந்தைகளை அம்மாக்களின் நெஞ்சிலேயே கட்டி வைத்தார். அதுதான் கங்காரு முறை. அடுத்த வருடம், அன்றைக்கு சோவியத் யூனியனில் இருந்த எஸ்தோனியாவின் தாலின் நகரத்தில், அடிக் லெவின் என்பவர் நர்ஸ்கள் போதாததால் அம்மாக்களை இரவும் பகலும் உள்ளேயே தங்க வைத்து, ஊசி மருந்து தவிர மற்ற வேலைகளை அவர்களிடமே விட்டார். அதைப் பார்த்துத்தான் கனடாவில் ஷூ லீ என்கிற டாக்டர் தன் ஊருக்குக் கொண்டுபோனார். அங்கிருந்து பணக்கார நாடுகளுக்கெல்லாம் பரவியது. ஆக, இரண்டு இடத்திலும் தொடக்கம் பற்றாக்குறைதான். ஆளும் கருவியும் இல்லாத இடத்தில் கதவைத் திறந்தார்கள். 2020-ல் எங்களுக்கு ஆள் போதாமல் போனபோது, நாங்கள் கதவைச் சாத்தினோம்.

மார்ச் 24 சாயங்காலம் ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 போட்டார்கள். அன்றிரவே நாடு முழுக்க ஊரடங்கு என்று அறிவிப்பு. ஆஸ்பத்திரிக்குள் பார்வையாளர்கள் வரக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. அதில் அம்மாக்களைப் பற்றித் தனியாக ஒரு வரி கிடையாது. ரொட்டியும் வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு பார்க்க வருகிற சித்தப்பாவுக்கு என்ன விதியோ அதுவே பெற்றவளுக்கும். நாற்காலிகளை அடுக்கி ஸ்டோர் ரூமில் போட்டோம். உள்ளபடி சொன்னால், முதல் வாரம் எங்களில் பலருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. ஹால் அமைதியாக இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. எங்கள் பிரிவிலிருந்து நர்ஸ்களைச் சுழற்சி முறையில் கோவிட் வார்டுக்கு எடுத்தார்கள். ஒரு வாரம் அங்கே டியூட்டி, அடுத்த வாரம் தனிமை. காய்ச்சல் வந்தவர்கள் ரிசல்ட் வரும்வரை வர முடியாது. பேருந்து இல்லாததால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வர வழியில்லை. இரவில் நான்கு பேர் பார்த்த ஹாலை இரண்டு பேர் பார்த்தோம். குழந்தைகள் மட்டும் குறையவில்லை. பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரிகள் சில மூடிக் கிடந்ததால் அவுட்பார்ன் பக்கம் கூடவே செய்தது. பிரசவம் ஊரடங்கு பார்க்குமா?

முதலில் போனது பாலாடை. புகட்ட ஆள் இல்லை. வாயால் குடிக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூட வாய் வழியாகக் குழாய் இறக்கி, சிரிஞ்சைத் தூக்கிப் பிடித்துப் பாலை விட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடியும். வயிறு நிறையும். ஆனால் குழந்தை வாயால் குடிக்கப் பழகாது. பழகாத குழந்தையை வீட்டுக்கு அனுப்ப முடியாது. அனுப்ப முடியாததால் ஹாலில் நெரிசல் கூடும். நெரிசல் கூடினால் குழாய் வழியாகத்தான் கொடுக்க முடியும். இந்தச் சுழலுக்குள் மாட்டிக்கொண்டு கிடந்தோம். 1,600 கிராமைத் தொட்டு எப்போதோ போயிருக்க வேண்டிய குழந்தைகள் வார்மரிலேயே இருந்தார்கள்.

பி.பி.ஈ. உடையைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். குறைமாதக் குழந்தை உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளாது. அதனால் எங்கள் அறையை 26 டிகிரிக்குக் கீழே விட மாட்டோம், 28 வரை வைப்போம். தலைக்கு மேல் வார்மர்களின் கம்பிச் சூடு வேறு. மற்ற வார்டுகளில் மின்விசிறிக்கு அடியிலாவது போய் நிற்கலாம். இங்கே அதுவும் கிடையாது, குழந்தைகளுக்குக் காற்று படக் கூடாது. மே மாதம் அந்த அறையில் அந்த உடையோடு ஆறு மணி நேரம். வியர்வை முழங்கை வழியாக வழிந்து கையுறைக்குள் தேங்கும். கண்ணாடியில் ஆவி படிந்திருக்க, இரண்டு கையுறை மாட்டிய விரலால் 1,100 கிராம் குழந்தையின் கையில் ரத்தக்குழாய் தேட வேண்டும். நூல் கனம்தான் இருக்கும் அது. வழக்கமாக விரல் நுனியால் தடவியே கண்டுபிடிப்போம், அந்த விரல் நுனியே இல்லாமல் போயிற்று.

அந்த மே மாதம் 12-ம் தேதிதான் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலின் 200-வது பிறந்த நாள். அதற்காகவே உலக சுகாதார நிறுவனம் 2020-ஐ செவிலியர் ஆண்டு என்று முன்கூட்டியே அறிவித்திருந்தது. எங்களுக்குப் பாக்கெட் கேசரி கொடுத்தார்கள். கவுனைக் கழற்றினால் மறுபடி மாட்ட வேறு கவுன் கிடையாது என்பதால், டியூட்டி முடிந்த பிறகுதான் சாப்பிட்டோம்.

பால் விஷயத்துக்கு வருகிறேன். பால் எடுக்கிற அம்மாக்கள் தங்குவதற்கென்று இருந்த வார்டைக் கோவிட் படுக்கைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். உடம்பு தேறிய அம்மாக்களை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. குழந்தை இங்கே, அம்மா ஐம்பது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். சாத்தூர் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்த ஒரு தகப்பனை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆபீஸ் மூடிக் கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் குச்சி ஐஸ் வியாபாரி, அவருக்கும் சீசன் போய்விட்டது. அவருடைய ஐஸ் பெட்டியை வாங்கி டி.வி.எஸ். எக்ஸெல்லில் கட்டிக்கொண்டு, அதற்குள் ஐஸ் போட்டு, மனைவி எடுத்துக் கொடுத்த பாலைக் கொண்டுவருவார். மாவட்ட எல்லை செக்போஸ்டில் போலீஸ்காரர் வழிமறித்து, "ஏய்யா, ஊரே அடங்கிக் கெடக்கு, நீ ஐஸ் விக்கக் கெளம்பிட்டியா?" என்றிருக்கிறார். திறந்து காட்டினால் ஐஸுக்கு நடுவில் மருந்து பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி, எடுத்த நேரம் பேனாவால் எழுதியிருக்கிறது. பிறகு எங்கள் டாக்டர் முத்திரை போட்டு ஒரு கடிதம் கொடுத்தார். அதை பாலிதீன் பைக்குள் போட்டு, பெட்டி மூடியிலேயே ஒட்டி வைத்துக்கொண்டார் அவர்.

எடுத்த பால் வெளியில் நான்கு மணி நேரம் தாங்கும், குளிர்பெட்டியில் ஒரு நாள் தாங்கும். ஆனால் அம்மாவுக்குச் சுரப்பது தாங்காது. குழந்தையின் அழுகை கேட்காமல், வாசம் படாமல், வெறுமனே கையால் எடுத்துக்கொண்டிருந்தால் நாளாக ஆகப் பால் வற்றிக்கொண்டே வரும். அவர் கொண்டுவரும் பாட்டில்கள் எண்ணிக்கையிலும் அளவிலும் குறைந்தன. "அவ அழுதுக்கிட்டே இருக்கா சிஸ்டர், அதான் வரலைங்கிறா எங்க அம்மாச்சி" என்றார். அம்மாச்சி சொன்னது மருத்துவப்படியும் சரிதான். பாலை இறக்கி விடுகிற ஆக்சிடோசின் மனக்கலக்கத்தில் அடங்கிப்போகும். குறைந்ததைத் தாய்ப்பால் வங்கியிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். அங்கேயும் கொடுக்க வருகிற அம்மாக்கள் குறைந்துபோயிருந்தார்கள்.

ராத்திரி வேலை கொஞ்சம் ஓய்ந்தால் வீடியோ கால் போடுவோம். எங்கள் சொந்த ஃபோன்தான், சொந்த டேட்டாதான். ஃபோனை பாலிதீன் உறைக்குள் போட்டு ஸ்பிரிட்டால் துடைத்து, வார்மருக்கு மேல் பிடிப்போம். அந்தப் பக்கம் ஒரு குடும்பமே திரையில் நெருக்கியடிக்கும். "காதைக் காட்டுங்க சிஸ்டர், காது யாரு காது?" என்று ஒரு கிழவி அதட்டுவாள். "அவன் தாத்தா காதுதான், மொச்சக்கொட்ட மாதிரி!" என்று அங்கேயே தீர்ப்பும் சொல்வாள். அம்மா மட்டும் ஒன்றும் பேச மாட்டாள். மூக்கில் குழாய், கண்ணில் கட்டு, நீல விளக்கு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டாம் நாள் பழகிப்போகும் காட்சி அது. ஆறு அங்குலத் திரையில் பார்த்தால் பழகாது. வீடியோ கால் வந்ததால் குடும்பமும் சிகிச்சையும் சேர்ந்துவிட்டது என்று பிற்பாடு ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசினார். திரை வழியாகக் குழந்தைக்குச் சூடு போகுமா என்று கேட்க நினைத்தேன். மேடையில் பெரிய ஆட்கள் இருந்தார்கள்.

வீட்டில் பட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லா நர்ஸும் பட்டதுதான். மார்ச் 22 சாயங்காலம் எங்கள் தெருவில் தட்டைத் தட்டி ஓசை எழுப்பினார்கள். ஏப்ரலில் அதே தெருவில் வீட்டுக்காரம்மா வாசலில் நின்றபடி, "நீ வேற எங்கயாச்சும் பாத்துக்கோம்மா, எங்க வீட்டுல வயசானவங்க இருக்காங்க" என்றார். கொல்லைப்புறத்தில் குளித்து, பின்கட்டில் தனியாகப் படுத்தேன். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்த என் மகள், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து வாய்ப்பாடு ஒப்பிப்பாள். போதும்.

ஜூன் கடைசியில்தான் இன்சார்ஜ் சிஸ்டர் அந்தக் காரியத்தைச் செய்தார். பிரசவத்துக்கு வருகிற எல்லோருக்கும் அப்போது டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தோம். நெகட்டிவ் வந்த அம்மாவை ஏன் உள்ளே விடக் கூடாது என்று எங்கள் சீஃபிடம் போய்க் கேட்டார். சீஃப் நல்ல மனிதர், பயந்த மனிதர். "சிஸ்டர், பார்வையாளர் கூடாதுன்னு ஆர்டர் இருக்கு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என் தலை உருளும்" என்றார். இவர் வாதாடவில்லை. திரும்பி வந்து, அடுத்த வாரத்து டியூட்டி சார்ட்டை எடுத்தார். ஸ்டாஃப் நர்ஸ்கள் பெயர், அதற்குக் கீழே ஆஸ்பத்திரிப் பணியாளர்கள் பெயர், அதற்குக் கீழே ஸ்கேலை வைத்து ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஐந்து அம்மாக்களின் பெயர். காலை ஷிஃப்ட், மத்தியானம் ஷிஃப்ட், இன்ன வார்மர் என்று எழுதிக் கையெழுத்துக்கு வைத்தார். "டியூட்டி பாக்கறவங்க உள்ள வரலாம்னு அதே ஆர்டர்ல இருக்குல்லா சார்?"

சீஃப் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்தார். கையெழுத்துப் போட்டார்.

அம்மாக்களுக்கும் எங்களைப் போலவே வாசலில் சூடு பார்த்தோம், மாஸ்க் கொடுத்தோம். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலையக் கூடாது என்பதால் லைப்ரரியாக இருந்த ஒரு சின்ன அறையைக் காலி செய்து கட்டில் போட்டோம். ஸ்டோர் ரூமிலிருந்து நாற்காலி வந்தது. எல்லோரும் ஓடி வந்துவிடவில்லை. ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்தாலே கொரோனா என்று பயந்த மாமியார்கள் இருந்தார்கள். மூத்த பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாதவர்கள் இருந்தார்கள். வந்தவர்களை வைத்தே பாலாடை மறுபடி வெளியே வந்தது. சாத்தூர்க்காரர் மனைவி முதல் ஐந்து பேரில் ஒருத்தி. குழந்தையைக் கங்காருவில் கட்டிய மூன்றாம் நாள் அவள் கவுன் முன்பக்கம் நனைந்திருந்தது. பார்த்துவிட்டு வெட்கப்பட்டாள். நாங்கள் கைதட்டினோம், கையுறையோடு.

இதற்கெல்லாம் ஆதாரம் இல்லையா என்றால், இருந்தது. கொரோனா உள்ள தாய்கூட மாஸ்க் போட்டு, கை கழுவி, குழந்தையை வைத்துக்கொள்ளலாம், பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லியாயிற்று. ஆனால் தாளில் இருப்பது வார்டுக்கு வந்து சேர வேண்டுமே. எங்கள் ஊர் மட்டுமில்லை, உலகம் முழுக்கவே அப்படித்தான் நடந்திருக்கிறது. 62 நாடுகளில் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் வேலை பார்க்கிறவர்களிடம் விசாரித்ததில், தொற்று இருப்பதாகத் தெரிந்த அல்லது சந்தேகப்பட்ட தாயை மூன்றில் இரண்டு பங்குப் பேர் குழந்தையை நெஞ்சோடு அணைக்க விடவில்லை என்று தெரியவந்தது. அந்த வைரஸால் பச்சிளம் குழந்தைகள் சாவது மிக மிக அபூர்வம் என்பதும், அம்மாவைப் பிரிப்பதால் சாவது அதைவிடப் பல மடங்கு என்பதும் 2021 தொடக்கத்தில் கணக்குப் போட்டுச் சொல்லப்பட்டன. நோய்க்குப் பயந்தோம் என்பதைவிட, கேள்வி வருமே என்றுதான் பயந்தோம் என்று எனக்குத் தோன்றுகிறது. கதவைச் சாத்தியதற்காக யாருக்கும் மெமோ வந்ததில்லை.

இரண்டாம் அலையில் கதையே வேறு. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று. முதல் அலையில் கர்ப்பிணிகள் பெரும்பாலும் சளி, காய்ச்சலோடு தப்பித்தார்கள். இந்தத் தடவை ஏழாம் மாதம், எட்டாம் மாதம் ஆக்சிஜனோடு வந்தார்கள். அவர்களுக்குத் தடுப்பூசி போடலாம் என்று அனுமதி வந்ததே ஜூலையில்தான். தாய்க்கு மூச்சு முட்டுகிறது என்று அவசரமாக ஆபரேஷன் செய்து, 30 வாரக் குழந்தையை எங்களிடம் ஓட்டமாகக் கொண்டுவருவார்கள். அம்மா கோவிட் பிளாக்கில், குழந்தை எங்களிடம், அப்பா தனிமையில். அப்படி ஒரு குழந்தையின் தாய் ஆறாம் நாள் போய்விட்டாள். பெற்றதைப் பார்க்கவில்லை. காலில் கட்டியிருந்த பட்டையில் அவள் பெயரைச் சொல்லி 'இன்னாரின் பெண் குழந்தை' என்றுதான் எழுதியிருந்தது. டிஸ்சார்ஜ் வரைக்கும் எல்லாச் சீட்டும் அந்தப் பெயரில்தான் போயிற்று, அதுதான் முறை. அந்தக் குழந்தைக்குக் கங்காரு கட்டியவள் அதன் அத்தை, கல்யாணம் ஆகாத பெண். காலேஜ் ஆன்லைன் கிளாஸை ஒரு காதில் மாட்டிக்கொண்டு நெஞ்சில் குழந்தையோடு உட்கார்ந்திருப்பாள். டியூட்டி சார்ட்டில் அவள் பெயரையும் எழுதினோம்.

அந்த மே மாதக் கடைசியில்தான் கங்காரு முறை பற்றிய ஒரு பெரிய ஆய்வு வெளியானது. கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று ஐந்து நாடுகள். இந்தியாவில் அது நடந்தது டெல்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில். 3,211 குழந்தைகள், எல்லோரும் ஒரு கிலோவுக்கும் 1,799 கிராமுக்கும் இடைப்பட்டவர்கள். குழந்தை நிலைக்கு வரட்டும் என்று காத்திராமல், பிறந்த கையோடு அம்மாவின் நெஞ்சில் கட்டினால் 28 நாளுக்குள் நேரும் இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைகிறது. பலன் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வைக் குறித்த காலத்துக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே கட்டில் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். ஆக்சிஜன் சிலிண்டருக்கு அலைந்துகொண்டிருந்த அந்த வாரத்தில், எங்கள் பிஜி டாக்டர் ஒருவர் ஃபோனில் அதைப் படித்துக் காட்டினார். இன்சார்ஜ் சிஸ்டர், "இதத்தான நான் கோடு போட்டு எழுதுனேன்" என்று சொல்லிவிட்டு சிபாப் பார்க்கப் போய்விட்டார்.

கோவிட் காலத்தில் தற்காலிகமாக எடுத்த நர்ஸ்களில் சிலரை எங்களிடமும் போட்டிருந்தார்கள். மாதம் 14,000 ரூபாய். பச்சிளம் குழந்தையைக் கையாளப் பழகுவதற்கே ஆறு மாதம் ஆகும், சிபாப் கை வர இன்னும் கொஞ்சம். பழகினார்கள், நன்றாகவே பழகினார்கள். 2022 டிசம்பர் 31-ஓடு அவர்கள் ஒப்பந்தம் முடிந்தது, மாநிலம் முழுக்க 2,000 பேருக்கு மேல். அன்று நைட் டியூட்டி பார்த்த பெண் காலையில் ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போது ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு நிமிடம் கூடுதலாகப் பேசினாள். எந்தக் குழந்தை எந்தப் பக்கம் படுத்தால் நன்றாக மூச்சு விடும், எதன் அம்மா வாய் திறந்து கேட்க மாட்டாள், நாம்தான் கேட்க வேண்டும் என்பதெல்லாம். எட்டு மாதத்தில் துபாயிலிருந்து கூப்பிட்டாள். அங்கே ஒரு நர்ஸுக்கு இரண்டு குழந்தைகள்தானாம். "மீதி நேரம் என்ன பண்றதுன்னே தெரியல சிஸ்டர்" என்று சிரித்தாள்.

இப்போது எங்கள் பிரிவில் அம்மாக்களுக்குத் தடை இல்லை. தனியாக ஹாலே இருக்கிறது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் சுற்றிக் காட்டுகிறார்கள். அப்பாக்கள் விஷயம்தான் பாக்கி. 2017 வழிகாட்டுதலில் குடும்பம் என்றுதான் இருக்கிறது, அப்பாவும் உள்ளே வரலாம். ஆனால் அம்மாக்கள் பால் கொடுக்கிற இடத்தில் ஆம்பிளைகளை எப்படி விடுவது என்று கேட்டார்கள். ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு திரை போட்டால் போயிற்று என்று நான் மாதாந்திரக் கூட்டத்தில் சொன்னேன். திரைத்துணி தையல் உட்பட எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். கோப்பு மேலே போயிருப்பதாக நான் ரிட்டயர் ஆகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். போன வாரம் பழைய வார்டுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தேன். மாடிப்படியில் வழக்கம்போல அப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என்னை இன்னும் டியூட்டியில் இருப்பதாக நினைத்து எழுந்து, "சிஸ்டர், நான் கை நல்லா கழுவிட்டேன்" என்றார்.